ஏழு நோட்டும் கொடுத்துவிட்டேன்

மாமா,

நாளை உங்கள் திதி. பழைய ஆர்மீனியக் கதைகளை நீங்கள் எழுதிவைத்த நோட்டுகளை உங்கள் நண்பரிடம் கொடுத்துவிட்டேன், எட்டாவதைத் தவிர. அத்தையும் இதைப் படிப்பார், அதனால் வீட்டில் நடந்த பேச்சை விட்டுவிடுகிறேன்.

அந்த மத்தியானம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. சலைன் இறங்கிக்கொண்டிருந்த கையாலேயே பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னீர்கள். மானுவேல் மாமிகோனியன் சாகும் இடம். ஆர்மீனியப் படைகளுக்கெல்லாம் தலைவன், எல்லோர் முன்னாலும் துணியைக் களைந்து உடம்பைக் காட்டுகிறான். ஐம்பதுக்கும் மேல் தழும்புகள். ஒரு காசு அகலத்துக்குக்கூட வெட்டுப்படாத இடம் இல்லை. போரில் போகாமல் இப்படிப் படுக்கையில் போகிறேனே என்று புலம்புகிறான். மகன் அர்தஷிரிடம் ஸ்பராபெட் பதவியை, அதாவது படைத்தலைமையை, ஒப்படைக்கிறான்.

வாசித்து முடித்ததும் நோட்டுக்கட்டை என் பக்கம் தள்ளினீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் "சரி மாமா" என்றேன். வேறென்ன சொல்லியிருக்க முடியும்? மன்னித்துவிடுங்கள். ஆனால், சாகக் கிடக்கிறவர் கேட்டால் யாரால்தான் மறுக்க முடியும்? அது உங்களுக்கும் தெரியும்தானே?

மாமிகோனியன் வீட்டில் பிறந்தால் படைத்தலைமை, பக்ரதுனி வீட்டில் பிறந்தால் அரசனுக்கு முடிசூட்டும் உரிமை. விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை. வராஸ்தாத் அரசன் விருந்துக்கு அழைத்து, படைத்தலைவனாயிருந்த முஷெக் மாமிகோனியனைக் கொன்றான், பதவியைத் தன்னை வளர்த்தவனுக்குக் கொடுத்தான். பாரசீகத்திலிருந்து திரும்பிய மானுவேல் அரசனைக் கேட்காமலே அதைத் தானே எடுத்துக்கொண்டான். "பாட்டன் சொத்துடா!" என்று தொடையைத் தட்டிச் சிரிப்பீர்கள். 428இல் ஆர்மீனிய அரச வம்சமே போய்விட்டது. 451இல் அவராயர் களத்தில் படை நடத்திச் செத்தவர் அப்போதும் ஒரு மாமிகோனியன்தான், வர்தான். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுக்கும். அந்தக் குரலுக்காகவே எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

எனக்கு மனதில் நின்றது அதே மாமிகோனியன் வீட்டு அர்தவாஸ்த்தான். படைத்தலைவனான அப்பா வாச்சே போரில் விழுந்தபோது அவன் சின்னக் குழந்தை. கோஸ்ரோவ் அரசன் முன்னால் கொண்டுவந்து அப்பாவின் இருக்கையில் உட்காரவைத்தார்கள். வேலையைப் பார்த்ததென்னவோ அந்த வீட்டு மாப்பிள்ளைகள் இருவர், அர்ஷாவிர் கம்சரகனும் அந்தோவ்க் சியுனியும். பெயர் மட்டும் குழந்தைக்கு. உட்கார்ந்தபோது கால் தரையில் எட்டியிருக்குமா என்று கேட்டேன். "அதுவா முக்கியம்?" என்று எரிந்து விழுந்தீர்கள். அன்றைக்கு அழுதேன், உங்களுக்குத் தெரியாது. இப்போதும் கோபம்தான்.

நண்பரிடம் கொடுக்குமுன் ஒவ்வொரு நோட்டையும் புரட்டினேன். எட்டாவதில் அந்தக் குழந்தையின் கதையை இரண்டே வரியில் முடித்திருக்கிறீர்கள். ஓரத்தில், பென்சிலால், உங்கள் கிறுக்கெழுத்தில்: "கால் எட்டியிருக்காது."

எப்போது எழுதினீர்கள் மாமா? என்னிடம் சொல்லியிருக்கலாமே.