மலைமேல் ஆடப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மலையூரான பிரெக்கென்ரிட்ஜ் போய் நான்கு நாள் கோல்ஃப் ஆடப்போகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சந்தோஷம்தான். ஆனால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தூரம். நீ ஆடப்போவது, பழைய கோல்ஃப் சாம்பியன் ஜாக் நிக்லஸ் வடிவமைத்த 27 ஹோல் (குழி) மைதானம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 9,300 அடி உயரம். அவ்வளவு மேலே காற்று மெலிந்துவிடுவதால் பந்துக்குத் தடை குறைவு. உயரத்தை அடிக்கணக்கில் எடுத்து 0.00116-ஆல் பெருக்கினால், எத்தனை சதவீதம் கூடுதலாகப் போகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். அங்கே கிட்டத்தட்ட 11 வருகிறது. இங்கே உன் 7-அயர்ன் மட்டையில் பந்து 140 யார்டு போகிறதென்றால் அங்கே 155 போகும். கணக்கு புரிந்தாலும் முதல் நாள் கை நம்பாது. இரண்டு பந்து, குழி இருக்கும் புல்தரையான கிரீனைத் தாண்டிப் போய்த் தொலைந்த பிறகுதான் நம்பும்.

தடை மட்டுமல்ல, பந்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையும் அந்தக் காற்றில் குறைவு. அதனால் பந்து தாழ்வாகப் பறந்து, செங்குத்தாக இல்லாமல் சாய்வாக இறங்கி, இன்னும் கொஞ்சம் உருண்டு ஓடும். கிரீனின் முன்விளிம்பைக் குறிவைத்து அடி. டிரைவர் மட்டையால் நீ தூரமாக அடிக்கும் பந்து வலப்பக்கம் வளைகிறதே, அந்தத் தொல்லை அங்கே கொஞ்சம் அடங்கும். மரத்தைச் சுற்றி வளைத்து அடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதே, நினைத்த அளவு வளையாது.

கிரீனில் இன்னொரு தொல்லை இருக்கிறது. முதல்முறை மலைமேல் ஆடியபோது மேடு என்று நினைத்து அழுத்தி அடித்தேன். பந்து குழியைத் தாண்டி எட்டடி ஓடிவிட்டது. சுற்றியுள்ள நிலம் முழுக்க மலையோடு சேர்ந்து சாய்ந்திருந்தால், கண் அந்தச் சாய்வையே சமதளம் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் குனிந்து பார்ப்பதற்கு முன் நிமிர்ந்து பார். அங்கே மேற்கே டென்மைல் மலைத்தொடர் நிற்கும். பெரிய மலை எங்கே, ஆறு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டால், பந்து பெரும்பாலும் மலையை விட்டு விலகிப் பள்ளத்தைத் தேடிப் போவது புரியும். அப்புறம் குழிக்கும் பந்துக்கும் நடுவே பக்கவாட்டில் நின்று, எந்தக் காலில் பாரம் விழுகிறது என்று கவனி. உன் கண் ஒன்று சொல்லி கால் வேறு சொன்னால் காலைக் கேள்.

அங்கே புல்லைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கணும்மா. குளிர்காலத்தில் அதே மைதானத்தின் மேல் பனிச்சறுக்குத் தடம் போட்டு ஆட்கள் சறுக்கிப் போவார்கள். மாதக்கணக்கில் பனிக்கு அடியில் கிடக்கும் புல்லுக்குப் பனிப்பூஞ்சை பிடிக்கும். பனி உருகிய பிறகு பார்த்தால் வட்டவட்டமாகச் சாம்பல் நிறத்திலும் இளஞ்சிவப்பிலும் செத்த திட்டுகள் தெரியும். இதற்காகவே பராமரிப்பவர்கள் முதல் பனி விழுவதற்கு முன்பே மருந்து தெளித்துவைக்கிறார்கள். பனிக்கட்டி இறுகி வாரக்கணக்கில் மூடிக்கொண்டால் புல் மூச்சுமுட்டியே செத்துப்போகும். இத்தனையும் தாங்கி எழுந்து நிற்க அந்தப் புல்லுக்குக் கிடைப்பது சில மாதக் கோடைதான். பந்து விழுந்து பதிந்த பள்ளத்தைச் சரிசெய்யாமல் நகராதே. உன்னுடையது இல்லாவிட்டாலும் சரிசெய்.

இனிமேல் சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஒரு பனிச்சறுக்கு மலைக்குக் கோடையில் கோல்ஃப் ஆடப் போனோமே, நினைவிருக்கிறதா? எனக்கு அப்போது ஸ்பெயின் ஆட்டக்காரர் பாலஸ்டெரோஸ் மேல் பைத்தியம். 1993-இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ் மைதானத்தில், கடைசி ஹோலில், அவர் பந்து ஒரு சுவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. பேசாமல் பக்கவாட்டில் தட்டிவிடுங்கள் என்று அவருடைய மட்டைப்பையைத் தூக்கிவரும் உதவியாளர் (கேடி) கெஞ்சினார். அவர் கேட்கவில்லை. சுவருக்கும் மரக்கிளைகளுக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளி வழியாகப் பந்தைத் தூக்கி கிரீனுக்குப் பக்கத்திலேயே விழவைத்தார். அடுத்த அடியில் பந்து குழிக்குள். அந்த இடத்தில் இன்று ஒரு நினைவுப்பலகை இருக்கிறது. அந்தப் பிடிவாதம் எனக்கும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

மலைகளில் கோடை மதியம் ஆனால் மேகம் திரண்டுவிடும். அன்றும் ஒரு மணிக்கெல்லாம் சிகரம் கறுத்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிச் சங்கு ஊதினார்கள். எனக்குப் பந்தைக் குழிக்குள் உருட்டிவிட ஆறடி பட் ஒன்று பாக்கி. "ஒரே நிமிஷம்மா, கம்பத்தை எடுத்துப் பிடி" என்றேன். குழியில் நட்டிருந்த, உன்னைவிட உயரமான அந்தக் கொடிக்கம்பத்தை நீ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் நெற்றியோரத்து முடி தானாக மேலே எழும்பியது. உனக்கு அது வேடிக்கையாக இருந்தது, சிரித்தாய். நான் கையிலிருந்த மட்டையைப் போட்டுவிட்டு உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். நாம் கட்டடத்துக்குள் நுழைவதற்குள் மேலே எங்கேயோ இடி விழுந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் நீ அழுதாய்.

அப்படி முடி எழுந்து நிற்பதன் அர்த்தத்தை உன்னிடம் நான் இதுவரை சொல்லவில்லை. மின்னல் அந்த இடத்திலேயே இறங்கப்போகிறது என்பதற்கு அடையாளம் அது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் உன்னை அங்கே நிறுத்திவைத்தது நான்தான். இத்தனை வருஷமாக உன் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அதனால் காலை ஏழு, எட்டு மணிக்கே ஆரம்பித்து மதியத்துக்குள் முடிக்கிற மாதிரி நேரம் வாங்கு. இடிச்சத்தம் கேட்டாலே நிறுத்திவிடு, சங்கு ஊதட்டும் என்று காத்திருக்காதே. ஊதிவிட்டால் இன்னொரு அடி அடிக்கக்கூடாது என்பது விதியும்கூட. மரத்தடி வேண்டாம், திறந்த கொட்டகை வேண்டாம், கோல்ஃப் வண்டி வேண்டவே வேண்டாம். நாலு சுவருள்ள கட்டடம், இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார். கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் ஆகாமல் வெளியே வராதே. நண்பர்கள் என்ன சொன்னாலும் சரி.

போன முதல் நாளே ஆடாதே, தலைவலிக்கும். தண்ணீர் நிறையக் குடி. அங்கே வெயில் குளிரோடு சேர்ந்து வருவதால் சுடுவது தெரியாது, கழுத்துக்கும் காதுக்கும் கிரீம் போட்டுக்கொள்.

ஒவ்வொரு நாளும் ஆட்டம் முடிந்து கட்டடத்துக்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு வரி அனுப்பு. இங்கே நடுராத்திரியானாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன். அப்படியே 18-ஆவது ஹோலில் எத்தனை அடித்தாய் என்றும் சொல்.

அன்புடன்,
அப்பா