முதல் எபிசோடைத் தள்ளிவிடச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பழைய ஆங்கில அறிவியல் புனைகதைத் தொடர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். இந்தத் தொடர்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு. அதற்காகவே முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் கடைசியில் புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு யோசனை இருந்தது: முதல் எபிசோட் பெரும்பாலும் தடுமாற்றமாகத்தான் இருக்கும், அதைத் தள்ளிவிட்டு மூன்றாவதிலிருந்தோ நான்காவதிலிருந்தோ ஆரம்பிக்கலாம் என்று. அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதிலும் கட்டுரையில் பெயர் வந்த தொடர்களுக்கு இந்த யோசனை கொஞ்சமும் பொருந்தாது.

குடும்பத் தொடர் எடுப்பவருக்கு முதல் நாளில் அதிக வேலை இல்லை. ஒரு வீட்டைக் காட்டி, வாசலில் கோலம் போடும் மருமகளைக் காட்டினால் போதும்; மீதி நமக்கே தெரியும். அறிவியல் புனைகதையில் அந்தச் சலுகை கிடையாது. இது எந்த வருடம், எந்த ஊர், இவர்கள் மனிதர்கள்தானா என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். இதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதில்தான் தொடரின் குணமே தெரிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் விளக்கிவிட்டுக் கதைக்கு வருகிறவர்கள் உண்டு. நமக்குத் தெரிந்த ஒரு கவலையைக் கையில் கொடுத்து, அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரச் சொல்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது வகையின் பக்கம்.

'டாக்டர் ஹூ' தொடரின் முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை பிபிசியில் வந்தது. 25 நிமிடம், கறுப்பு வெள்ளை. இருபதுகளில் இருந்த வெரிட்டி லாம்பர்ட் தயாரித்தார். இயக்கிய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்தவர், அவருக்கும் அப்போது 24 வயதுதான். காலத்தில் முன்னும் பின்னும் போகும் ஒரு இயந்திரத்தின் கதை இது. ஆனால் கதை ஆரம்பிப்பது லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில், மணி அடித்துப் பிள்ளைகள் கிளம்பும் நேரத்தில். வரலாற்று ஆசிரியை பார்பராவுக்கு சூசன் என்ற மாணவியைப் பற்றி ஒரு கவலை. கெட்டிக்காரப் பெண், ஆனால் வீட்டுப் பாடம் சரியாகச் செய்வதில்லை. பதிவேட்டில் இருக்கும் முகவரிக்குப் போய்ப் பார்த்தால் அங்கே வீடே இல்லை, ஒரு பழைய இரும்புக் கடைதான் இருக்கிறது. அறிவியல் ஆசிரியர் இயனிடம் சொல்கிறார். அவருக்கும் அதே குழப்பம். தன்னைவிட அவளுக்கு அறிவியல் அதிகம் தெரிகிறது என்கிறார்.

நான் 31 வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இப்படி ஒரு பிள்ளையின் வீட்டைத் தேடிக்கொண்டு சாயங்காலம் தெருத்தெருவாக நானும் போயிருக்கிறேன். என் மகன் முதன்முதலாக இதை லேப்டாப்பில் போட்டுக் காட்டியபோது, எனக்கு வேறு கிரகத்துக் கதையைப் பார்க்கிறோம் என்ற எண்ணமே வரவில்லை. பார்பரா கொடுத்த பிரெஞ்சுப் புரட்சிப் புத்தகத்தைப் புரட்டிய சூசன், அது அப்படி இல்லையே என்று திடுக்கிட்டுச் சொல்லும் இடத்தில் எனக்குச் சிலிர்த்தது. அவள் அங்கே இருந்து பார்த்தவள் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

இன்னொரு இடம். பிரிட்டனின் ஒரு பவுண்டுக்கு எத்தனை ஷில்லிங் என்று கேட்டால் சூசனுக்குத் தெரியவில்லை. நீங்கள் தசம முறையில் இருப்பதாக நினைத்தேன் என்கிறாள், வகுப்பே சிரிக்கிறது. நம் நாட்டில் 1957-லேயே நயா பைசா வந்துவிட்டது. பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியதோ 1971-ல். அதாவது எழுதியவர்கள் விளையாட்டாக வைத்த வரி எட்டு வருடத்தில் நடந்தே விட்டது.

இந்த எபிசோடை இரண்டு தடவை எடுத்தார்கள் என்பது கட்டுரையில் இல்லை. செப்டம்பர் 27-ம் தேதி முதலில் பதிவு செய்ததை, பிபிசியின் நாடகப் பிரிவுத் தலைவர் சிட்னி நியூமன் பார்த்துவிட்டுத் திருப்பி எடுக்கச் சொன்னார். அந்த முதல் பதிவும் இன்று பார்க்கக் கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கதை அதேதான். ஆனால் முதல் பதிவில் சூசனின் தாத்தா, அதாவது தொடரின் நாயகனான 'டாக்டர்' என்ற கிழவர், கடுகடுவென்று இருக்கிறார், அவரோடு ஒரு பயணம் போகலாம் என்று நமக்குத் தோன்றாது. சூசன் தான் 49-வது நூற்றாண்டில் பிறந்தவள் என்று கணக்காகச் சொல்கிறாள். அக்டோபர் 18-ல் மறுபடி எடுத்தபோது கிழவரின் கடுமையைக் குறைத்தார்கள். சூசனும் வேறொரு காலம், வேறொரு உலகம் என்று மட்டும் சொல்கிறாள். எண்ணை எடுத்துவிட்டதும் அந்தப் பெண் எவ்வளவு தொலைவிலிருந்து வந்தவளாக ஆகிவிடுகிறாள்!

இந்த எபிசோட் ஒளிபரப்பானதற்கு முந்தின நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பரபரப்பில் பலர் இதைத் தவறவிட்டிருப்பார்கள். அடுத்த சனிக்கிழமை பிபிசி முதல் எபிசோடை மறுபடி போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைப் போட்டது. அவர்களே நேரத்தை ஒதுக்கி முதலாவதை இரண்டாம் முறை காட்டினார்கள். அதை நாம் தள்ளிவிடச் சொல்லலாமா? இதற்கு அடுத்து வரும் மூன்று எபிசோடுகள், குகை மனிதர்கள் நெருப்புக்குச் சண்டை போடும் கதை, எனக்கு இழுவையாகத்தான் இருந்தது. தள்ளுவதென்றால் அவற்றைத் தள்ளலாம்.

ஒரு விண்கப்பலின் பயணக் கதையான 'ஸ்டார் ட்ரெக்' விஷயம் கொஞ்சம் சிக்கல். அதற்கு முதல் எபிசோடே மூன்று இருக்கிறது. முதலில் எடுத்த 'தி கேஜ்' வேண்டாம் என்று என்பிசி தொலைக்காட்சி நிறுவனம் திருப்பிவிட்டது. அதில் கேப்டன் வேறு ஆள், அவருக்கு அடுத்த நிலை அதிகாரி ஒரு பெண். அடுத்த வடிவத்துக்கு வந்த பாத்திரம் ஸ்பாக் மட்டும்தான். (அந்த ஸ்பாக் ஒரு செடியைப் பார்த்துப் புன்னகைக்கிறார், உணர்ச்சியே காட்டாத பின்னால் வந்த ஸ்பாக்கைத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய அதிசயம்.) இரண்டாவதாக எடுத்த 'வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்' எபிசோடில்தான் கேப்டன் கர்க் வருகிறார். ஆனால் 1966 செப்டம்பர் 8-ல் அமெரிக்காவில் முதலில் ஒளிபரப்பானது இந்த இரண்டும் இல்லை, 'தி மேன் ட்ராப்'. இரண்டாவதாக எடுத்தது மூன்றாவது வாரம்தான் வந்தது. முதல் இரண்டு வாரம் கப்பலின் மருத்துவராக ஒருவரைப் பார்த்தவர்கள், மூன்றாவது வாரம் வேறு மருத்துவரைப் பார்த்தார்கள்.

'தி மேன் ட்ராப்' வெறும் பூதக் கதை என்று கட்டுரை ஒதுக்கிவிட்டது. எனக்கு அது வருத்தம். அந்த உயிரினம் மனிதர்களின் உடம்பிலிருந்து உப்பை உறிஞ்சிக் கொல்கிறது, உண்மைதான். ஆனால் முதல் காட்சியிலேயே மூன்று பேர் ஒரே பெண்ணைப் பார்க்கிறார்கள், மூவருக்கும் அவள் வேறு வேறு தோற்றத்தில் தெரிகிறாள். டாக்டர் மெக்காயின் கண்ணுக்கு அவள் பல வருடத்துக்கு முன் அவர் நேசித்த அதே இளம்பெண். ஒரு மனிதருடைய பழைய பாசத்தை விளக்க இதைவிட நல்ல வழி எது? அப்புறம், அந்த உயிரினம் தன் இனத்தில் கடைசியாக மிஞ்சியது. எல்லாம் முடிந்த பிறகு, எருமை மந்தைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன் என்கிறார் கர்க். அமெரிக்காவில் கூட்டம் கூட்டமாகச் சுட்டுத் தீர்த்த காட்டெருமைகளைச் சொல்கிறார். முதல் வாரத்திலேயே கொன்றவனுக்கு ஒரு உறுத்தலை வைத்த தொடர் அது.

ஆனால் கேப்டனும் கப்பலும் நமக்கு ஏற்கெனவே பழக்கம் என்பதுபோல அது நடந்துகொள்கிறது. அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவதாக எடுத்ததைத்தான். கர்க்கும் ஸ்பாக்கும் சதுரங்கம் ஆடுவதில் ஆரம்பித்து, கர்க் தன் நெருங்கிய நண்பனையே எதிர்த்து நிற்க வேண்டிய இடத்துக்குப் போகிறது. அதைப் பார்த்துவிட்டு 'தி மேன் ட்ராப்' பக்கம் வந்தால் சரியாக இருக்கும்.

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' பற்றி ஒரே வரிதான் இருந்தது. 2003 டிசம்பரில் இரண்டு பாகமாக வந்த மினி தொடரைப் பார்த்துவிட்டுத்தான் வழக்கமான தொடருக்கு வர வேண்டும். அதன் முதல் எபிசோடின் பெயர் '33'. தப்பி ஓடும் விண்கப்பல்களை எதிரிகள் 33 நிமிடத்துக்கு ஒரு முறை தாக்குகிறார்கள். ஐந்து நாளாக யாரும் தூங்கவில்லை. ஏன் 33 என்று கடைசிவரை சொல்வதில்லை. எல்லோர் முகத்திலும் அயர்ச்சி. இரவு முழுக்க நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, மறுநாள் வேலைக்கும் போனவர்களுக்கு இந்தக் கதை எந்தக் கிரகத்தில் நடக்கிறது என்று சொல்லத் தேவையே இல்லை. உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கையை அதிபர் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அது குறைகிறது. கடைசியில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வர, அவர் எழுந்துபோய் அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டுகிறார். 2005-ல் இதற்கு ஹ்யூகோ விருது கிடைத்தது.

முதல் எபிசோடைத் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு 'ஃபயர்ஃப்ளை' இருக்கிறது. தொடக்கமாக எடுத்தது 'செரினிட்டி' என்ற இரண்டு மணி நேரக் கதை. போரில் தோற்ற தரப்பில் நின்ற ஒருவர் பல வருடம் கழித்து ஒரு சின்ன விண்கப்பலை ஓட்டிப் பிழைப்பதுதான் கதை என்பதை அது போர்க்களத்திலேயே ஆரம்பித்துச் சொல்கிறது. ஃபாக்ஸ் தொலைக்காட்சி அதை ஒதுக்கிவிட்டு, அவசரமாக எழுதிய 'தி ட்ரெய்ன் ஜாப்' எபிசோடை 2002 செப்டம்பர் 20-ல் முதலில் போட்டது. அது ஆரம்பிப்பதே ஒரு மதுக்கடைச் சண்டையில், அந்தப் போர் முடிந்த நாளின் கொண்டாட்டத்தின்போது. எந்தப் போர் என்று பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? 'செரினிட்டி' வந்தது டிசம்பர் 20-ல், தொடரை நிறுத்துவது முடிவான பிறகு. எடுத்த 14-ல் 11 மட்டுமே அப்போது ஒளிபரப்பாயின. வரிசையை மாற்றியதால் மட்டும்தான் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்க வந்தவர்களை வாசலை விட்டு ஜன்னல் வழியாக ஏறி வரச் சொன்ன மாதிரி இருந்தது.

அந்தக் கட்டுரையின் பெட்டிச் செய்தியிலும் 'தி ட்ரெய்ன் ஜாப்' தான் முதல் எபிசோட் என்று அச்சாகியிருக்கிறது. ஒளிபரப்புத் தேதிப்படி சரிதான், ஆனால் அதை நம்பி ஆரம்பிக்கும் வாசகர்கள் திண்டாடுவார்கள். 'செரினிட்டி' என்று திருத்தி அடுத்த இதழில் ஒரு வரி போட்டால் நல்லது. இதே பெயரில் 2005-ல் வந்த திரைப்படமும் இருக்கிறது. அது தொடருக்குப் பிந்தைய கதை, குழப்பம் வராமல் அதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்