முதல் டிராவல் ஒப்பந்தத்துக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

தாய்-சேய் வார்டு அனுபவத்தை வைத்துக்கொண்டு டிராவல் நர்ஸாக, அதாவது ஏஜென்சி மூலம் சில வாரங்களுக்கு மட்டும் ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தப் பணி செய்பவளாகப் போக நினைப்பதாகவும், ஏஜென்சிக்காரர்கள் வாரச் சம்பளத்தைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை என்றும் எழுதியிருந்தாய். சம்பளக் கணக்குக்கு நான் தேவையில்லை. அமெரிக்காவில் வழக்கமாக 13 வாரங்கள் ஓடும் இந்த ஒப்பந்தத்தில் எனக்குக் கவலை தருவது முதல் வாரம்தான்.

நிரந்தரப் பணியில் சேர்பவருக்குப் பல வாரங்கள் பயிற்சி தரும் மருத்துவமனைகள், டிராவலருக்கு ஓரிரு ஷிப்டுகளோடு நிறுத்திக்கொள்கின்றன. பிரசவித்தவளின் உடல் எந்த ஊரிலும் ஒன்றுதான் என்பதால் உன் கை தடுமாறாது, தடுமாறுவது கால்கள்தான். நள்ளிரவில் ஒரு தாயின் வயிற்றில் கை வைக்கிறாய் என்று வைத்துக்கொள். அடிவயிற்றின் கீழ்முனையில் உள்ள பூப்பெலும்புக்கு மேல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் தொட்டுப் பார்த்தால், தொப்புளை ஒட்டிக் கெட்டியாக இருக்க வேண்டிய கர்ப்பப்பை தளர்ந்து, வலப்பக்கம் ஒதுங்கிக் கிடக்கிறது. சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறது என்று உனக்கு உடனே புரிந்துவிடும். தேய்த்துவிடுவாய், சிறுநீர் கழிக்க வைப்பாய், ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலிட்டர் என்று நனைந்த பேடுகளை எடைபோடுவாய். இழந்த இரத்தம் மொத்தம் 1000 மில்லிலிட்டரை நெருங்குகிறது என்றால், கர்ப்பப்பையைச் சுருக்கி இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்துகளில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவளுக்கு மெத்தர்ஜின் கூடாது, ஆஸ்துமா உள்ளவளுக்கு ஹெமபேட் கூடாது என்பதும் நினைவுக்கு வரும். ஆனால் அவ்விரண்டும் குளிர்பதனத்தில் வைக்க வேண்டிய மருந்துகள். அந்தக் குளிர்பெட்டி எந்த அறையில் இருக்கிறது, உன் கைரேகைக்கு அது திறக்குமா என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே முதல் ஷிப்டில், நோயாளிகளைப் பொறுப்பேற்கும் முன்பே, இரத்தப்போக்கு அவசரத்துக்கான பொருட்கள் வைத்திருக்கும் வண்டியையும் அந்தக் குளிர்பெட்டியையும் காட்டச் சொல்லி, அந்த ஷிப்டுக்குப் பொறுப்பான சார்ஜ் நர்ஸிடம் கேள். கழிவறை எங்கே என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

குழந்தை விஷயத்தில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருக்கும்: 24 மணி நேரத்துக்குப் பின் ஆக்சிஜன் அளவைக் கொண்டு இதயப் பரிசோதனை, குதிகாலில் இரத்த மாதிரி, தாய்க்கும் சேய்க்கும் ஒரே எண் கொண்ட கைப்பட்டை. மாறுவது, குழந்தையின் காலில் கட்டும் பாதுகாப்புக் கருவி, மஞ்சள் காமாலைக்கு எப்போது மருத்துவரை அழைப்பது என்ற உள்விதி போன்றவை. இவற்றை ஒரு சிறு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்.

நேர்காணலில் இரண்டு கேள்விகளை விடாதே. ஒரு நர்ஸுக்கு எத்தனை தாய்-சேய் ஜோடிகள்? கலிஃபோர்னியாவில் நான்குக்கு மேல் கூடாது என்பது சட்டம். பெரும்பாலான மாநிலங்களில் அப்படி ஒரு வரம்பில்லை. மகப்பேறு நர்ஸுகளின் தொழிற்சங்கமல்லாத தொழில்முறை அமைப்பான ஏ.டபிள்யூ.எச்.ஓ.என்.என். சொல்லும் அளவு மூன்றே ஜோடிகள். (ஒரே நர்ஸ் உரிமத்தோடு பல மாநிலங்களில் வேலை செய்யவிடும் உடன்படிக்கையில் கலிஃபோர்னியா இல்லை என்பதால், அங்கே போக விரும்பினால் தனி உரிமத்துக்கு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிடு.) இரண்டாவது கேள்வி, ஃப்ளோட். வார்டில் ஆள் மிகும்போது வேறு பிரிவுக்கு முதலில் அனுப்பப்படுபவர் பல இடங்களில் டிராவலர்தான். சிறப்புக் குழந்தைகள் பிரிவில் நிலையான குழந்தைக்குப் பாலூட்டச் சொன்னால் சரி. பிரசவ அறையில், வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பதியும் பட்டையைப் படிக்கும் பயிற்சி உனக்கில்லை என்பதால் அங்கே தனியாக நிற்க ஒப்புக்கொள்ளாதே. ஏஜென்சியின் ரெக்ரூட்டர் வாய்வார்த்தையாக "அப்படியெல்லாம் அனுப்ப மாட்டார்கள்" என்பது போதாது. எந்தெந்தப் பிரிவுகள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கு.

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பு. ஃப்ளோட் பற்றிய பத்தியையும், மருத்துவமனை பாதியில் ரத்து செய்தால் உனக்கு என்ன கிடைக்கும் என்ற பத்தியையும் சேர்ந்து படித்துவிடுவோம்.

அன்புடன்,
அக்கா