கலப்புப் பட்டைக் கட்டுக்குத் தடை வேண்டாம், கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜீப்புகளின் வில்பட்டைகளை மாற்றிக் கட்டும் பட்டறைகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் ஒருவர் எழுதியிருந்தார். வில்பட்டை என்பது சக்கர அச்சுக்கும் வண்டிக்கும் நடுவில் குலுக்கலைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டை; நீளம் குறைந்துகொண்டே போகும் பட்டைகள் பலவற்றை அடுக்கி இறுக்கியதே கட்டு. ஒரு வண்டியின் பட்டையை இன்னொரு வண்டியின் கட்டில் சேர்ப்பதே ஆபத்து என்றும், அவ்வேலையைச் செய்யும் பட்டறைகளை மூடிவிட வேண்டும் என்றும் அவர் கருதுகிறார். காரைக்குடிப் பக்கத்தில் நெடுங்காலமாக இதே தொழிலைச் செய்துவருபவன் என்ற முறையில், அவருடைய அச்சத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் சொல்லும் தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை. கணக்குப் பார்த்துக் கலந்த கட்டு, கம்பெனிக் கட்டைவிட இந்த மண்ணுக்குப் பொருந்தி ஆண்டுக்கணக்கில் உழைப்பதையும், கண்ணளவில் கலந்த கட்டு கண்மாய்க் கரையில் ஒடிந்து கிடப்பதையும் நான் ஒருசேரப் பார்த்துவருகிறேன். இரண்டுக்கும் நடுவில் உள்ள வேறுபாட்டைப் பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வில்வண்டி ஓடிய காலத்திலிருந்தே பட்டை வேலை செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. இன்று அந்த வேலை பெரும்பாலும் பழைய மஹிந்திரா ஜீப்புகளுக்காக நடக்கிறது. எம்.எம். 540, மேஜர் போன்ற வண்டிகளிலும் மாருதி ஜிப்ஸியிலும் நான்கு சக்கரங்களுக்கும் வில்பட்டைகள்தாம். 2010-இல் வந்த மஹிந்திரா 'தார்' ஜீப்பில் பின்பக்கம் மட்டும் பட்டை. 2020-இல் வந்த புதிய தாரில் பட்டையே இல்லை, சுருள் ஸ்பிரிங். பட்டை உள்ள வண்டி வைத்திருப்பவர், வார நாள்களில் தோப்புக்கு உர மூட்டை ஏற்றிப்போவார். ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் கொல்லிமலைக்கோ சிறுமலைக்கோ புறப்படுவார். முழுப் பாரத்தை மனத்தில் வைத்துச் செய்த கட்டு, வெறும் வண்டியில் அசையாமல் விறைத்து நிற்கும். மழை அரித்த செம்மண் சரளைப் பாதையிலும், பாம்பாற்று மணலில் இறங்கும் சரிவிலும் ஒரு சக்கரம் மேலே ஏறும்போது எதிர்ச் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட்டாக வேண்டும். பட்டை விறைத்து நின்றால் அந்தச் சக்கரம் அந்தரத்தில் சுற்றும், வண்டி நகராது. இதற்காகத்தான் பெரும்பாலோர் பட்டைகளைக் கலக்கச் சொல்லி வருகிறார்கள்; வண்டியை உயர்த்திக் காட்டும் ஆசையால் மட்டும் வருபவர்கள் குறைவு.

கலப்பதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது பட்டையின் கனம். ஒரு பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 6 மி.மீ. கனமுள்ள பட்டைக்கு 6 × 6 × 6 = 216 என்று கணக்கு வைத்தால், 7 மி.மீ. பட்டைக்கு 343, 8 மி.மீ. பட்டைக்கு 512. பார்வைக்கு நூலளவு வித்தியாசம்தான். ஆனால் 8 மி.மீ. பட்டை ஒன்று, 6 மி.மீ. பட்டைகள் இரண்டையும் தாண்டிய விறைப்பைத் தருகிறது. 6 மி.மீ. பட்டைகள் ஐந்து உள்ள கட்டின் கூட்டுத்தொகை 1080. அதில் அடியில் உள்ள இரண்டு குட்டைப் பட்டைகளை எடுத்துவிட்டு 8 மி.மீ. பட்டைகளைச் சொருகினால் கூட்டுத்தொகை 1672 ஆகிறது. அதாவது கட்டு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விறைத்துவிடுகிறது. மாறாக, 5 மி.மீ. பட்டைகள் ஏழை வைத்துக் கட்டினால் 875 தான் வரும். பட்டைகளின் எண்ணிக்கை கூடியும் கட்டு ஐந்தில் ஒரு பங்கு இளகிவிடும். அகலமும் நீள வரிசையும் ஒன்றாக இருக்கும் கட்டுகளுக்குள் ஒப்பிட இந்தக் கணக்கு போதும். நீளம் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்யும்: பட்டைகளின் நீளத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் விறைப்பு கால் பங்கு குறைந்துவிடும். ஆகவே, 'ரெண்டு பட்டை கூடப் போடுங்க அண்ணே' என்று வருபவரிடம், எத்தனை என்பதைவிட எந்தக் கனம், எந்த நீளம் என்பதைத்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது.

இதைவிட முக்கியமானதும், பல பட்டறைகளில் கவனிக்கப்படாததும் ஒன்று உண்டு. ஒரே கட்டில் இறுகியிருக்கும் பட்டைகள் அனைத்தும் ஒன்றாகவே வளைகின்றன. ஒரே அளவு வளையும்போது, கனமான பட்டையின் மேற்பரப்பு மெல்லிய பட்டையினதைவிட அதிகமாக இழுபடுகிறது. 6 மி.மீ. பட்டைகளுக்கு நடுவே அமரும் 8 மி.மீ. பட்டை, தன் அண்டைப் பட்டைகளைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தகைவை, அதாவது எஃகுக்குள் எழும் விசையைத் தாங்குகிறது. 'கனமானது எப்படி ஒடியும்?' என்று உரிமையாளர் வியக்கிறார்; உண்மையில் முதலில் ஒடிவது பெரும்பாலும் அதுதான். சக்கரம் நிறைய ஏறி இறங்க வேண்டிய வண்டிக்கு மெல்லிய பட்டைகள் பலவற்றை அடுக்குவதே பொருத்தம். பாரத்துக்குக் கனமான பட்டை தேவையென்றால், அதை நிமிர்ந்த பட்டையாக அடியில் வைத்து, முனைகளில் இடைவெளி விட்டு, வண்டி பாரமேறித் தாழ்ந்த பிறகே அது வேலையில் சேரும்படி அமைக்க வேண்டும். வெறும் வண்டியில் மென்மை, பார வண்டியில் வலு என்ற இரண்டையும் ஒரே கட்டில் தருகிற வழி இதுதான். கலப்புக் கட்டின் உண்மையான பயனும் இதுவே.

அடுத்தது வளைவுப் பொருத்தம். நல்ல கட்டைப் பிரித்துத் தரையில் போட்டுப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் நீளமான மெயின் பட்டை சற்று நிமிர்ந்தும், கீழே போகப்போக ஒவ்வொரு குட்டைப் பட்டையும் மேலும் வளைந்தும் இருக்கும். இரண்டு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், முனைகள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் மெல்லிய பிறை போல ஒரு கீற்று வெளிச்சம் தெரியும். பட்டைகளின் நடுத்துளை வழியே போகும் சென்டர் போல்ட்டை இறுக்க இறுக்க அந்தக் கீற்று மறையும். அப்போது மெயின் பட்டை, பாரம் வளைக்கப்போகும் திசைக்கு எதிராக முன்கூட்டியே கொஞ்சம் வளைக்கப்படுகிறது; ஓட்டத்தில் அதன்மேல் விழும் இழுவிசை அந்த அளவு குறைகிறது. பிரேக் பிடிக்கும் விசையையும் திருப்பத்தில் வரும் பக்கவாட்டு விசையையும் மெயின் பட்டையே தாங்க வேண்டியிருப்பதால் இந்தச் சலுகை அதற்கு அவசியம். வெவ்வேறு வண்டிகளிலிருந்து வந்த பட்டைகளில் இது தலைகீழாகிவிடுகிறது. நடுவில் ஒட்டிக்கொண்டு முனைகளில் விலகி நிற்கும் குட்டைப் பட்டைகள், பாரம் வரும்போது எட்டி நின்று பார்த்துக்கொண்டிருக்கும். மெயின் பட்டை தனியே மல்லுக்கட்டி ஒடியும். இதைச் சரிபார்க்க எந்த இயந்திரமும் வேண்டாம். கட்டை இறுக்கும் முன் ஒவ்வொரு இணையையும் வெளிச்சத்தில் பார்த்து, நடு இடைவெளியை ஸ்கேலால் அளந்து எழுதிவைத்தால் போதும்.

பட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் கடிதம் எழுதிய அன்பரின் அச்சம் முழு நியாயம் பெறுகிறது. பெரும்பாலானவை காயலான் கடையிலிருந்து வருகின்றன. ஓடித் தேய்ந்த பட்டைக்குள் எத்தனை விரிசல் தொடங்கியிருக்கிறது என்பது வெளியே தெரியாது. ஒடிந்த பட்டையின் வெட்டு முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: ஒரு மூலையில் துருவேறிக் கறுத்த திட்டு இருக்கும், மீதி முகம் புதிதாக உடைந்த கற்கண்டுபோல மின்னும். அந்தக் கறுத்த திட்டுதான் பல மாதங்களாக மெல்ல வளர்ந்த விரிசல். மின்னும் பகுதி ஒரே குலுக்கலில் ஒடிந்தது. அந்தத் திட்டு பெரும்பாலும் சென்டர் போல்ட் துளையின் ஓரத்திலோ, துருக் குழியிலோ, கேஸ் கட்டர் பட்ட விளிம்பிலோதான் தொடங்கியிருக்கும்.

நெருப்பைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். வில்பட்டை சாதாரண இரும்பு அல்ல. பெரும்பாலும் சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த எஃகு. 850 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து, மறுபடியும் 400 முதல் 500 டிகிரி வரை சூடாக்கிப் பதப்படுத்திய பிறகே அது வில்லாகிறது. வளைவு போதவில்லை என்று கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைத்தால் அந்த இடத்தில் டெம்பர், அதாவது அந்தப் பதம், போய்விடும். வண்டி சில வாரங்களில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சூட்டோடு தண்ணீர் ஊற்றிவிட்டாலோ பட்டை கண்ணாடி மாதிரி நொறுங்கும். அகலத்தைக் குறைக்க ஓரத்தைக் கேஸில் அறுப்பதும், துளையைக் கேஸில் பெரிதாக்குவதும், பட்டையின்மேல் வெல்டிங் வைப்பதும் இதே வகைத் தவறுகள். நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிக்கும் கொல்லருக்கு எஃகின் பதம் கைவந்த கலை. அந்த ஊர் அரிவாளின் பெயருக்கு அந்தப் பதம்தான் காரணம். அரிவாளுக்குக் காட்டும் அந்த அக்கறையை ஐந்து உயிர்களைச் சுமக்கும் பட்டைக்குக் காட்டாமல் விடுவதை எந்தப் பட்டறையிலும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. வளைவைத் திருத்த வேண்டுமென்றால் சூடின்றி, பிரஸ்ஸிலோ சம்மட்டியிலோ சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால், உலையும் எண்ணெய்த் தொட்டியும் உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

பட்டைகளின் முனைகளைச் சரிவாகத் தேய்த்து, நடுவே நைலான் தகடு வைப்பது, சக்கரம் தொங்கும்போது பட்டைகள் பிரியாமலிருக்கக் கிளிப் போடுவது ஆகியவற்றை விவரிக்கத் தேவையில்லை. செய்யாத பட்டறையில் கட்டைக் கொடுக்காதீர்கள். ஆனால் யு போல்ட்டைப் பற்றி ஒரு சொல். கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது யு போல்ட். சென்டர் போல்ட் பட்டைகளை இடம் மாறாமல் நிறுத்தி வைப்பதற்கு மட்டுமே. யு போல்ட் தளர்ந்தால், துளை போட்டு வலுவிழந்த நடுப்பகுதி வளையத் தொடங்கிவிடும். புதிய கட்டு போட்ட வண்டியை முதல் ஓட்டத்துக்குப் பிறகு பட்டறைக்குத் திரும்பக் கொண்டுவந்து யு போல்ட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்கிறோம், கேட்பவர்கள் குறைவு.

கட்டு மாறினால் அதைச் சுற்றியுள்ளவையும் மாற வேண்டும். சக்கரம் கூடுதலாக இறங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடக்கூடாது; ஷாக் அப்சார்பரின் நீளம் போதாவிட்டால், பட்டைக்குப் பதிலாக அதுவே சக்கரத்தைத் தடுத்து நிறுத்திப் பிய்ந்துவிடும். சட்டத்தையும் மறந்துவிடலாகாது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. வண்டியின் உயரத்தைக் கூட்டித் தரக் கேட்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். பழைய உயரத்திலேயே இளக்கமாக உழைக்கும் கட்டு வேண்டுமென்றால், அதற்குத் தாராளமாக வழி இருக்கிறது.

வேலை சரியாக நடந்ததா என்பதை உரிமையாளரே சோதிக்கலாம். பின் அச்சுக்கு நேர் மேலே 50 கிலோ சிமெண்ட் மூட்டைகள் நான்கை ஏற்றி, ஏற்றும் முன்னும் பின்னும் வண்டியின் சேஸிஸ் சட்டகத்துக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட உயரத்தை இரு பக்கமும் அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 40 மி.மீ. தாழ்ந்தால், ஒவ்வொரு கட்டும் 100 கிலோவுக்கு 40 மி.மீ. வளைகிறது, அதாவது ஒரு மி.மீட்டருக்கு இரண்டரை கிலோ என்று பொருள். பழைய கட்டோடு ஒருமுறை, புதிய கட்டோடு ஒருமுறை அளந்தால், பட்டறைக்காரர் சொன்னதும் செய்ததும் ஒன்றா என்பது தெரிந்துவிடும். இடமும் வலமும் வேறுபட்டால் வண்டியை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி என் வேண்டுகோள்கள். காரைக்குடியில் 1952-இல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. பாலிடெக்னிக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. எஃகின் கடினத்தை அளக்கும் கருவியைக் கொண்டு ஒரு பட்டையைச் சோதிக்கச் சில நிமிடங்கள் போதும். மாதத்தில் ஒரு நாள், சிறு கட்டணத்தில், சாலையோரப் பட்டறைகள் கொண்டுவரும் பழைய பட்டைகளை இக்கல்வி நிலையங்கள் சோதித்துத் தந்தால், டெம்பர் போன பட்டைகள் வண்டியில் ஏறுவது பெருமளவு குறையும். மாணவர்களுக்கும் அது பாடமாகும். வள்ளல் அழகப்பர் கொடுத்த நிலத்தில் எழுந்த சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகம் துருப்பிடிப்பதை ஆராய்வதில் நாடறிந்த நிறுவனம். பட்டைகளுக்கு நடுவே தேங்கும் ஈரத்தையும் துருக் குழிகளையும் தடுப்பது எப்படி என்று எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு எளிய தமிழில் அவர்கள் ஒரு துண்டறிக்கை தந்தால் பேருதவியாக இருக்கும்.

பட்டறை நடத்தும் தோழர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கட்டி முடித்த ஒவ்வொரு கட்டுக்கும், ஒவ்வொரு பட்டையின் கனம், நீளம், அது புதியதா பழையதா, இறுக்கும் முன் இருந்த இடைவெளி ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு ஒன்றை வாடிக்கையாளரிடம் கொடுப்போம். வாடிக்கையாளர்களும் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிய பிறகே பணத்தைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
வில்பட்டைப் பட்டறைக்காரர் ஒருவர்,
காரைக்குடி.