கண்ணைப் போலக் காக்கிறார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

“ஸ்காட்லாந்துக்காரர்கள் பழைய கட்டடங்களைக் கண்ணைப் போலக் காக்கிறார்கள்” என்று சென்ற இதழ் பயணக் கட்டுரையில் ஒரு வரி. எடின்பரோ கோட்டையைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார், சரி. கிளாஸ்கோவில் நூறு வருடம் தாண்டிய மணற்கல் அடுக்கு வீட்டில் குடியிருக்கும் எனக்கு அதைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை.

எங்கள் கட்டடத்தில் எப்போதோ யாரோ கல் இடுக்கிலிருந்த சுண்ணாம்புக் காரையைச் சுரண்டி எடுத்துவிட்டு சிமெண்டை அடைத்துவிட்டார்கள். சுண்ணாம்பு என்றால் சுவரில் ஏறிய ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் விடாது, ஈரம் கல்லிலேயே தங்கி, குளிரில் உறைந்து, கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்கிறது. சிமெண்டால் வந்த வினை உங்களுக்குத் தெரியாததா? கட்டடக் கலைஞர் மெக்கின்டாஷ் 1904-ல் கட்டி முடித்த, ஹெலன்ஸ்பரோ ஊரிலுள்ள ஹில் ஹவுஸ் என்ற வீட்டை, சிமெண்ட் பூச்சுக்குள் தண்ணீர் புகுந்ததால், 2019-ல் முழுசாக எஃகு வலைக் கூண்டுக்குள் வைத்துக் காயவிட வேண்டி வந்ததே.

பழுது பார்க்கலாம் என்றால் வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் சம்மதித்தால் போதும் என்கிறது அடுக்கு வீடுகளுக்கான 2004 ஸ்காட்லாந்துச் சட்டம், ஆனால் ஒருவர் பணம் தரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டால் மற்றவர்கள் எங்கே போவது? பில்லில் 20 சதவீதம் வாட் வேறு. புது வீடு கட்டினால் அந்த வரி பூஜ்யம்! இருப்பதைக் காப்பாற்றுகிறவர்களுக்கு மட்டும் தண்டனையா?

மெக்கின்டாஷின் கிளாஸ்கோ கலைக்கல்லூரி 2014-ல் எரிந்தபோது உருகி உருகி எழுதினீர்கள். சீரமைப்பு நடந்துகொண்டிருந்தபோதே 2018-ல் அது மறுபடி எரிந்தது, உள்ளே எதுவும் மிஞ்சவில்லை, காரணம் தெரியவில்லை என்று 2022-ல் தீயணைப்புத் துறை கைவிரித்தது. அதற்கெல்லாம் உங்கள் பக்கங்களில் இடமில்லை. அப்போதும் கடிதம் போட்டேன், பிரசுரமாகவில்லை. கட்டடக் கலைஞர் அலெக்சாண்டர் தாம்சன் 1870-களின் தொடக்கத்தில் இங்கே யூனியன் தெருவில் எழுப்பிய எகிப்தியன் ஹால்ஸ் கட்டடம், காக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் உச்சமான ஏ பிரிவில் இருந்தும், பத்து வருடத்துக்கும் மேலாகச் சாரத்துக்குள் மூடிக் கிடந்ததே, அது உங்கள் கட்டுரையாளர் கண்ணில் படவே இல்லையா?

காப்பாற்றுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 2001-ல் மாநகராட்சி கோவன்ஹில் குளியல் இல்லத்தை மூடியபோது அக்கம்பக்கத்து ஜனங்கள்தான் மாதக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். பாராட்ட வேண்டும் என்றால் அவர்களைப் பாராட்டுங்கள்.

அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போட்டால் போதும். கட்டுரையாளர் மறுபடி இந்தப் பக்கம் வந்தால் யூனியன் தெருவுக்கு நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
கிளாஸ்கோ வாசகி