கிறிஸ்துமஸ் கைவேலைப் பக்கத்தை ஜூலையிலேயே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வார இணைப்பில் வரும் கைவேலைப் பக்கத்தைப் பல வருடங்களாக வெட்டி எடுத்து வைப்பவள் நான். வெட்டி வைப்பதோடு சரி என்று என் வீட்டுக்காரர் சொல்வார், அதை முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் போன வருடம் நீங்கள் செய்த காரியத்துக்கு என் சோம்பலைக் குறை சொல்லிப் பயனில்லை. கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஐந்து நாள் இருக்கும்போது, கிராஸ் ஸ்டிட்ச்சில், அதாவது கட்டத்துக்கொரு பெருக்கல் குறி போட்டுத் தைக்கும் தையலில், பரிசு போட்டு மாட்டும் பெரிய காலுறை செய்வது எப்படி என்று முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். அழகான படம், கட்டம் கட்டமாகத் தெளிவான வரைபடம், எந்த நிறத்துக்கு எந்த நூல் என்று எண் முதற்கொண்டு இருந்தது. ஐந்து நாளில் இதை எந்த மனுஷி முடிப்பாள் என்று மட்டும் அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு ஆற்றாமை என்றால், அதே மாதிரி ஒரு காலுறை என் பீரோவில் பத்து வருடமாகக் கிடக்கிறது. மகனுக்கு ஒரு வயது இருக்கும்போது ஆரம்பித்தேன். அவனுக்கு இப்போது பதினோரு வயது, மேலே அவன் பெயருக்கு விட்ட இடம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

இந்த வருடம் ஜூன் கடைசியில், வேறு எதையோ தேடப் போய்க் கிறிஸ்துமஸ் பெட்டியை இறக்கி, உள்ளே இருந்த எல்லாவற்றையும் தரையில் கொட்டினேன். காலுறை. முன்பக்கம் மட்டும் தைத்து உள்ளே பஞ்சு அடைக்காத பதினான்கு ஃபெல்ட் தொங்கல்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் வரை நாளுக்கொன்றாக இருபத்து நான்கு பை வைக்க வேண்டிய துணி நாள்காட்டியில் ஒன்பது பை. பாதி வட்டத்தில் நின்றுபோன குரோஷே மரத்தடி விரிப்பு. வர்ணம் பூசாத காகிதக்கூழ் குடில் பொம்மைகள், இடையர்கள் மூன்று பேருக்கும் கண் இல்லை. ஒரு காகித நட்சத்திரம், ஒரு மலர்வளையம், கத்தரித்தும் ஒட்டாத வாழ்த்து அட்டைகள் ஒரு கட்டு. மொத்தம் எட்டு. மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, இதெல்லாம் போன வருஷமும் இப்படியேதானே இருந்துச்சு?” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு ஒரு வேலை செய்தேன். துண்டுத்தாள்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எதனால் நின்றது என்று ஒரு வரி எழுதிக் குண்டூசியால் குத்தினேன். நேரமில்லாமல் நின்றது என்றுதான் இத்தனை வருடமும் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். எழுதிப் பார்த்தால் ஒன்றுகூட நேரத்தால் நின்றதில்லை. காலுறை நின்றது டி.எம்.சி. கம்பெனியின் 321ஆம் எண் சிவப்பு நூல் தீர்ந்துபோனதால். தொங்கல்கள் பஞ்சு வாங்க மறந்ததால். நாள்காட்டி, பைகளின் மேல் 1 முதல் 24 வரை எண் தைக்க அலுப்பாக இருந்ததால், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஒரு நூல்கண்டுக்காக ஒரு காலுறை பத்து வருடம் தூங்கியிருக்கிறது என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நட்சத்திரத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது எனக்குப் பிடித்தது. மொராவியன் நட்சத்திரம் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மொராவியன் சபையினரின் பள்ளியில் வடிவியல் பாடத்துக்காகச் செய்யத் தொடங்கியதுதான் பிறகு கிறிஸ்துமஸ் நட்சத்திரமாகப் பரவியது. அதன் நடுவில் இருக்கும் வடிவத்துக்கு 18 சதுர முகமும் 8 முக்கோண முகமும் உண்டு. ஒரு சதுரத்தைத் தொங்கவிடுவதற்காக விட்டுவிட்டால், சதுர அடி கொண்ட 17 கூம்பும் முக்கோண அடி கொண்ட 8 கூம்பும் செய்ய வேண்டும். நான் 17ஐயும் முடித்துவிட்டேன். முக்கோணத்துக்கு வேறு அச்சு வரைய வேண்டும், அந்த இடத்தில் எழுந்து போனவள் திரும்பி வரவில்லை. மூன்று வருடம்! அச்சு வரைய இந்த ஜூலையில் எனக்கு ஆனது இருபது நிமிடம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்த பொருள், என் கணக்குப் பயத்தால் நின்றுபோயிருந்தது என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

சரி, இப்போது உங்கள் காலுறைக்கு வருகிறேன். கணக்குப் போட்டுக் காட்டினால்தான் உங்களுக்குப் புரியும். ஐடா என்பது இந்தத் தையலுக்கென்றே கட்டம் கட்டமாக நெய்த துணி, அதில் 14 எண் என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 தையல். என் காலுறையின் வரைபடம் குறுக்கே 150 கட்டம், நெடுக்கே 220 கட்டம், ஆக 33,000 கட்டம். அதில் மூன்றில் ஒரு பங்கு பாக்கி, அதாவது 11,000 தையல். எனக்கு ஒரு மணி நேரத்தில் நூறு தையல் ஓடும், அதற்குமேல் வேகம் போனால் முடிச்சு விழும். தினமும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் 75 தையல். ஜூலை 1 தொடங்கி நவம்பர் 30 வரை 153 நாள், 11,475 தையல், இரண்டொரு நாள் காய்ச்சலில் படுத்தாலும் முடிந்துவிடும். இதையே டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கினால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வரை இருப்பது 24 நாள். தினமும் நாலரை மணி நேரம் குனிந்தே கிடக்க வேண்டும். இதுவும் பாக்கி மூன்றில் ஒரு பங்குக்குத்தான், உங்கள் பக்கத்தைப் பார்த்துப் புதிதாக ஆரம்பித்த ஒருத்தியின் நிலைமையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தையலை முடித்தால் வேலை முடிந்தது என்று வேறு நினைத்துக்கொள்கிறோம். அதற்கப்புறம் உருவங்களின் ஓரத்தில் கோடு போலப் போடும் பேக் ஸ்டிட்ச் இருக்கிறது, அது போடாத வரை கிறிஸ்துமஸ் தாத்தாவின் முகம் தாடியோடு கரைந்து ஒரு வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும். துவைக்க வேண்டும், அடிப்பக்கம் துண்டு விரித்து இஸ்திரி போட வேண்டும், உள்துணி வைக்க வேண்டும், மாட்டுவதற்குக் கொக்கி தைக்க வேண்டும். எந்தக் கைவேலையிலும் இந்தக் கடைசி வேலைகளைத்தான் எல்லாரும் தள்ளிப் போடுகிறார்கள், எந்தப் பத்திரிகையும் இவற்றுக்கு இரண்டு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை. உங்கள் பக்கத்திலும் ‘பிறகு முடித்துக்கொள்ளவும்’ என்று ஒரே வரி. அந்த ஒரு வரிதான் எனக்கு ஒரு வாரம்.

பழைய வேலையை எடுக்கும்போது புதிதில் இல்லாத தொல்லைகளும் உண்டு. ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டுப் போயிருந்தேன். துரு ஏறி, தாத்தாவின் பூட்ஸுக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு புள்ளி. அந்த இடம் முழுக்கத் தையலுக்கு அடியில் மறைந்துவிடும் என்பதால் பிழைத்தேன். துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றாமல் வைத்ததில் விழுந்த மடிப்பு மூன்று முறை நனைத்தும் லேசாகத் தெரிகிறது. தண்ணீரில் அழியும் பேனாவால் போட்ட கோட்டின் மேல் தெரியாத்தனமாக இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டால் அது பிறகு எந்தத் தண்ணீருக்கும் போகாமல் போகலாம், இதையும் ஒரு தொங்கலைப் பலி கொடுத்துத்தான் கற்றேன். குரோஷே விரிப்புக்கு அதே கம்பெனியின் அதே சிவப்பு நூலைத் தேடி வாங்கி வந்து பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் கருத்துத் தெரிகிறது. சாயத் தொகுதி எண் வேறு, அதாவது இரண்டும் ஒரே தடவையில் சாயம் ஏற்றியவை அல்ல. அந்த எண் நூல்கண்டின் சுற்றுத்தாளில் இருக்கும், நான் அந்தத் தாளை முதல் நாளே கிழித்துப் போட்டவள். கடைசியில் இரண்டு வரிசை பழைய நூல், இரண்டு வரிசை புது நூல் என்று மாற்றி மாற்றிப் போட்டுவந்ததில் கண்ணுக்குத் தெரியாமல் சமாளித்தேன். இதெல்லாம் டிசம்பர் 20ஆம் தேதி தெரிய வந்திருந்தால் விரிப்பு மறுபடி பெட்டிக்குள்தான் போயிருக்கும்.

காகிதக்கூழ், களிமண் இரண்டும் அவசரத்தை மன்னிக்கவே மன்னிக்காது. வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அதன் மேலேயே வர்ணம் பூசி மூடிவிட்டால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஒரு வருடம் கடைசி நிமிடத்தில் செய்த ஆட்டுக்குட்டி புத்தாண்டுக்குள் நாற்றம் எடுத்தது. இப்போது இடையர்களை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டேன், மாதக்கணக்கில் காயட்டும், யாருக்கு என்ன அவசரம்.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் கெடு டிசம்பர் 24 என்று நினைக்கிறோமே, அதுவே தப்பு. இருபத்து நான்கு பை வைத்த நாள்காட்டி டிசம்பர் 1ஆம் தேதி காலையில் சுவரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு வேலையே இல்லை. மெழுகுவர்த்தி வைக்கும் திருவருகைக்கால வளையத்துக்குக் கெடு இன்னும் முன்னால்கூட வரலாம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளைக் கொண்ட அந்தக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எந்தத் தேதியிலும் வரும். வாழ்த்து அட்டைகள் தபாலில் போக வேண்டியவை. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் எல்லாருக்கும் கைப்பட எழுத நேரமில்லாமல் ஓவியர் ஒருவரை வரையச் சொல்லி அச்சடித்ததைத்தான் முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்கிறார்கள். அவருக்கே அந்தக் கதி என்றால், ஒவ்வொரு அட்டையிலும் பன்னிரண்டு காகித இலை ஒட்ட ஆசைப்பட்ட எனக்கு என்ன சொல்ல.

எட்டில் ஒன்றை நான் முடிக்கப் போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மலர்வளையம். எடுத்துப் பார்த்தபோது அதை ஏன் ஆரம்பித்தேன் என்றே புரியவில்லை, நிறம் பிடிக்கவில்லை, செய்யும்போதும் பிடித்த ஞாபகம் இல்லை. பிரித்து, பச்சை ஃபெல்ட்டைத் தொங்கல்களுக்குப் பின்துணியாக வெட்டினேன். பதினான்கும் ஒரே மாலையில் பின்பக்கம் பெற்றன, மறுநாள் பஞ்சு அடைத்து வாயைத் தைத்தேன், மொத்தம் இரண்டு உட்கார்வு. ஒவ்வொன்றாக முடித்திருந்தால் இன்னும் நாலாவதில் இருப்பேன். கைவேலைக்காரர்கள் முடிக்காத வேலைக்கு ‘அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட்’ என்பதைச் சுருக்கி யூ.எஃப்.ஓ. என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பறக்கும் தட்டுக்குச் சொல்கிற அதே எழுத்துகள். என் வீட்டில் எட்டு இருந்ததில் இந்தக் கடிதம் எழுதும் செப்டம்பரில் நான்குதான் மிச்சம்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். கைவேலைக்கென்றே வருகிற பத்திரிகைகள் கிறிஸ்துமஸ் மாதிரிகளை வருடத்தின் நடுவிலேயே போடத் தொடங்கிவிடுகின்றன, செய்கிறவர்களுக்கு எத்தனை மாதம் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்களும் புது மாதிரிகளை ஜூலையில் போடுங்கள். அதைவிட முக்கியமாக, ஒரு பக்கம் முழுக்கப் பாதியில் நின்ற வேலைகளுக்காக ஒதுக்குங்கள்: துருக்கறை, தீர்ந்துபோன நூல், தொலைந்த வரைபடம், எந்த எண் ஊசியில் பின்னினோம் என்று மறந்துபோனால் பழைய பின்னலை அளந்து கண்டுபிடிப்பது எப்படி, கறுப்புத் துணியில் தைக்கும்போது மடியில் வெள்ளைத் துணி விரித்தால் ஓட்டைகள் பளிச்சென்று தெரியும் என்பது போன்ற சின்ன விஷயங்கள். டிசம்பரில் எதைப் போடுவது என்று கேட்டால், செய்ததை எப்படிக் கசங்காமல் எடுத்து வைப்பது என்று போடுங்கள். பண்டிகை முடிந்ததும் எங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஜூலையில் கிறிஸ்துமஸ் பக்கம் போட்டால் மற்ற வாசகர்கள் சிரிப்பார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லலாம். சிரிக்கட்டும். என் வீட்டிலும் ஜூலையில் சிவப்பு நூலோடு உட்கார்ந்தபோது சிரித்தார்கள், இப்போது ஊசியில் நூல் கோத்துத் தருகிறார்கள்.

காலுறையில் இன்னும் 5,200 தையல் பாக்கி இருக்கிறது. இந்தக் கடிதம் எழுதிய நேரத்தில் ஒரு நூறாவது போட்டிருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கைவேலைப் பக்க வாசகி