களை பிடுங்கிய கைகளுக்கு ஒரு நன்றி மடல்

நார்த் வில்க்ஸ்பரோ கார்ப் பந்தயத் தடத்தையும், அதில் ஓடிய உள்ளூர் ஓட்டுநர்களின் பெயர்களையும் மறதியிலிருந்து மீட்டுத் தந்த அனைவருக்கும்,

வணக்கம்.

வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்திலிருந்து பூன் என்னும் மலையூருக்குப் போகும் 421ஆம் எண் நெடுஞ்சாலையில், வேலை நிமித்தமாக வாரம் இருமுறை பல ஆண்டுகள் பயணம் செய்தவள் நான். வில்க்ஸ் மாவட்டத்தைக் கடக்கும்போது, துருப்பிடித்த இருக்கை வரிசைகளும் வெளிறிப்போன எழுத்துகளுமாகப் பெரிய வளாகம் ஒன்று சாலையிலிருந்தே தெரியும். மூடிக் கிடக்கும் ஏதோ ஒரு தொழிற்சாலை என்றே அதை வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த அறியாமையைப் போக்கியவர், அங்கே ஒரு பெட்ரோல் பங்கில் என் காரின் டயரில் காற்று குறைந்திருப்பதைக் கவனித்து, கேட்காமலே வந்து சரிசெய்து கொடுத்த, எண்பது வயதை நெருங்கும் மெக்கானிக் ஒருவர். இளமையில் வாரம் முழுவதும் லாரி பழுதுபார்த்துவிட்டு, சனிக்கிழமை இரவுகளில் நண்பரின் பந்தயக் காருக்கு டயர் மாற்றியவர் அவர். நான் ஓட்டி வந்த சாலையின் பெயர்ப்பலகையில் இருக்கும் ஜூனியர் ஜான்சன் யார் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அன்று பூனுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

இந்த மடலை நான் தமிழில் எழுதுவதற்கும் அவரே காரணம். தங்கள் ஊரைப் பற்றி என் மொழியில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று ஒருமுறை அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல இயலவில்லை. எனவே, உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியைத் தமிழ் வாசகர்கள் முன்னிலையில் சொல்கிறேன். யாருக்கு எதற்காக நன்றி சொல்கிறேன் என்பது அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கதையையே சற்று விரித்து எழுத நேர்கிறது. பொறுத்தருள வேண்டும்.

ஈனக் ஸ்டேலியும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து அமைத்த இந்தத் தடம் 1947 மே மாதத்தில் திறக்கப்பட்டது. சுற்றளவு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நிலத்தைச் சமப்படுத்தக் கையில் இருந்த பணம் போதவில்லை என்றும், அதனால் முன்பக்க நேர்ப்பாதை இறக்கமாகவும் பின்பக்க நேர்ப்பாதை ஏற்றமாகவும் அப்படியே விடப்பட்டன என்றும் ஊரார் சொல்வார்கள். அந்த ஏற்ற இறக்கம் இன்றும் இருக்கிறது. இந்தத் தடத்தின் தனி அடையாளமே அதுதான். ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் என்னும் அமெரிக்க அமைப்பு 1949இல் தன் முதல் பருவத்தை நடத்தியபோது, அதன் கடைசிப் பந்தயம் அக்டோபரில் இங்கேதான் நடைபெற்றது. 1957இல் தார் போடப்படும்வரை செம்மண் புழுதியில்தான் கார்கள் ஓடின.

ஸ்டாக் கார் என்பது தொடக்கத்தில் கடையில் வாங்கி வீதியில் ஓட்டும் சாதாரணக் காராகவே இருந்தது. பந்தயத்துக்கென்று தனியாகச் செய்த விலையுயர்ந்த வண்டி வாங்க வசதியில்லாதவர்களும் இந்த விளையாட்டுக்குள் வர முடிந்ததற்கு அதுவே காரணம். வில்க்ஸ் மாவட்டத்தில் அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சாராயம் காய்ச்சுவது அங்கே பல குடும்பங்களின் பிழைப்பாக இருந்த காலத்தில், அதை இரவோடு இரவாக மலைச்சாலைகளில் கொண்டுபோய்ச் சேர்த்த இளைஞர்கள், துரத்தி வரும் அதிகாரிகளிடமிருந்து தப்புவதற்காகவே காரின் வேகத்தைக் கூட்டவும் வளைவுகளில் வேகம் குறையாமல் திருப்பவும் கற்றுக்கொண்டார்கள். ஜூனியர் ஜான்சன் அவர்களில் ஒருவர். வெறுங்காலுடன் கோவேறு கழுதை பூட்டி வயலை உழுதுகொண்டிருந்தவரை அவருடைய அண்ணன் வந்து அழைத்துப்போய்ப் பந்தயக் காரில் உட்கார வைத்தார் என்பது அந்த ஊரில் இன்றும் சொல்லப்படும் கதை. 1956இல் தந்தையின் சாராய அடுப்பருகே பிடிபட்டு, ஏறத்தாழ 11 மாதங்கள் சிறையில் இருந்தார். வெளியே வந்து, நாஸ்காரின் உயர்மட்டப் பந்தயங்களில் மொத்தம் 50 வெற்றிகளைப் பெற்றார். 1986இல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 2010இல் நாஸ்கார் புகழரங்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட ஐவரில் அவரும் ஒருவர்.

ஆனால் என் மெக்கானிக் பெரியவர் ஜூனியர் ஜான்சனோடு நிறுத்துவதில்லை. க்வின் ஸ்டேலியைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும். தடத்தை அமைத்த ஈனக்கின் சகோதரரான க்வின், 1958இல் ரிச்மண்டில் நடந்த பந்தயத்தில் உயிரிழந்தார். அதன் பின்னர் வில்க்ஸ்பரோவின் வசந்தகாலப் பந்தயம் பல ஆண்டுகள் அவருடைய நினைவுப் பெயரில் நடத்தப்பட்டது. ஜிம்மி பார்டு என்னும் மற்றோர் உள்ளூர் ஓட்டுநர், 1964 செப்டம்பரில் சார்லட் தடத்தில் டயர் சோதனை ஓட்டத்தின்போது இறந்தார்; பருவம் முடிவதற்கு முன்பே போய்விட்ட அவர், பருவ இறுதிப் புள்ளிப் பட்டியலில் ஐந்தாம் இடத்தில் இருந்தார். கோப்பைகளைக் கொண்டு மட்டும் ஓட்டுநர்களை அளந்தால் இவர்கள் இருவரும் கணக்கில் சிறியவர்களாகத் தெரியலாம். தன் ஊர்ப் பிள்ளைகளைக் கோப்பையை வைத்து அளக்காத ஊர் உங்களுடையது என்பதே, நான் உங்களை மதிக்கத் தொடங்கியதற்கு முதற்காரணம்.

பென்னி பார்சன்ஸைப் பற்றி நிறையவே எழுத விரும்புகிறேன். வில்க்ஸ் மாவட்டத்தில் கொள்ளுப்பாட்டியின் வீட்டில் வளர்ந்து, டெட்ராய்ட்டில் டாக்சி ஓட்டிப் பிழைத்து, பிறகு பந்தயத்துக்கு வந்தவர் அவர். 1973இல் அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயம் ராக்கிங்ஹாமில் நடந்தது. புள்ளிகளில் முன்னணியில் இருந்த பார்சன்ஸின் கார் தொடக்கத்திலேயே, பதின்மூன்றாவது சுற்றில், விபத்தில் சிக்கி அதன் வலப்பக்கம் முழுவதும் பிய்ந்துபோயிற்று. சாம்பியன் பட்டம் கைநழுவிப் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்த வேளையில், அவரோடு போட்டியிட்ட மற்ற அணிகளின் மெக்கானிக்குகள் தங்கள் கருவிகளுடன் ஓடி வந்தார்கள். வேறொரு காரிலிருந்து இரும்புக் குழாய்களை வெட்டியெடுத்து இந்தக் காரில் வைத்துப் பற்றவைத்தார்கள். உடலில் பாதி தகடு இல்லாத அந்தக் காரை மறுபடியும் தடத்தில் இறக்கி, பட்டத்துக்கான புள்ளிகளுக்குப் போதிய சுற்றுகளை முடித்த பார்சன்ஸ், 28ஆம் இடத்தில் வந்தும் அந்த ஆண்டின் சாம்பியன் ஆனார். அந்தப் பருவத்தில் அவர் வென்றிருந்தது ஒரே ஒரு பந்தயம். போட்டியாளர்களே ஓடி வந்து உதவும் அளவுக்கு ஒரு மனிதர் வாழ்ந்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அவர் தன் சொந்த ஊர்த் தடத்தில் 1979இல் வெற்றி பெற்ற நாளில், பெரியவர் இருக்கை வரிசையில் இருந்தாராம். அதைச் சொல்லும்போது இன்றும் எழுந்து நின்றுதான் சொல்கிறார்.

1995இல் ஈனக் ஸ்டேலி காலமானார். தடத்தின் பங்குகள் கைமாறின. இங்கே நடந்துவந்த இரண்டு பெரிய பந்தயங்களும் டெக்சாஸுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் போயின. 1996 செப்டம்பர் 29 அன்று கடைசிப் பந்தயம் முடிந்து, கதவு சாத்தப்பட்டது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் சிறிது காலம் திறந்ததைத் தவிர்த்தால், தடம் புதர் மண்டியே கிடந்தது. நான் சாலையிலிருந்து பார்த்தது அந்தக் கோலத்தைத்தான்.

இனி, நன்றி.

முதலில், கைவிடாமல் பேசிக்கொண்டே இருந்த ஊர்மக்களுக்கு. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம், நடக்காது என்று பிறர் சொல்லச் சொல்ல, கடைகளிலும் கூட்டங்களிலும் அதிகாரிகளின் அறைகளிலும் இந்தத் தடத்தின் பேச்சை எடுத்தவர்கள் நீங்கள். 2007இல் மறைந்த தம் கணவர் பென்னி பார்சன்ஸின் ஆசையைத் தம் ஆசையாகவே சுமந்து, ஓயாமல் உழைத்த டெரி பார்சன்ஸ் அம்மையாருக்கு என் தனி வணக்கம்.

அடுத்து, 2019 டிசம்பர் குளிரில் களை பிடுங்கியவர்களுக்கு. புகழ்பெற்ற நாஸ்கார் ஓட்டுநர் டேல் ஏர்ன்ஹார்ட் ஜூனியர் இந்தத் தடத்தை ஐரேசிங் என்னும் கணினிப் பந்தய நிறுவனம் லேசர் கருவியால் அளந்து பதிவு செய்ய வேண்டும் என்று விரும்பினார். தடம் அழிந்தே போனாலும் அதன் ஒவ்வொரு மேடும் பள்ளமும் கணினியிலாவது எஞ்சியிருக்கட்டும் என்பதுதான் எண்ணம். அதற்கு முதலில் தாரின் வெடிப்புகளில் வளர்ந்திருந்த செடிகளை அகற்ற வேண்டியிருந்தது. அவர் தன்னார்வலர்களோடு சேர்ந்து தாமே இறங்கி வேலை செய்தார். தடத்தின் உரிமையாளர் நிறுவனத்தின் தலைவர் மார்கஸ் ஸ்மித் அதற்கு இடம் கொடுத்தார். அந்த வேலை முடிந்த சில நாட்களில், டிசம்பர் 20 அன்று, ஜூனியர் ஜான்சன் காலமானார். அவர் பழகிய தடம் புதரிலிருந்து வெளிப்பட்ட பிறகே அவர் போனார் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு. அடுத்த ஆண்டு மே மாதத்தில், பெருந்தொற்றால் உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, அந்தக் கணினித் தடத்தில் நடந்த பந்தயம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பெரியவர் வீட்டு வாசலில் ஆறடி தள்ளி நின்று, என் கைபேசியில் அவருக்கு அதன் சில காட்சிகளைக் காட்டினேன். நான்காம் வளைவு சரியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

2021 நவம்பரில், மாநில வரவுசெலவுத் திட்டத்தில் இந்தத் தடத்துக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் ஒதுக்கிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அதில் கையொப்பமிட்ட அன்றைய ஆளுநர் ராய் கூப்பருக்கும் நன்றி. அந்தப் பணத்தைக் கொண்டு நீர்க்குழாய் பதித்தவர்களுக்கும், மின்கம்பி இழுத்தவர்களுக்கும், இருக்கைகளைக் கழற்றி மறுபடி பொருத்தியவர்களுக்கும் அதைவிடப் பெரிய நன்றி. பழைய சிவப்பு வெள்ளை வண்ணத்தையும் வெளிறிய எழுத்துகளையும் மாற்றாமல் விடுவது என்று முடிவெடுத்தவர் யாராயிருந்தாலும், அவர் கையைப் பற்றிக்கொண்டு நன்றி சொல்ல விரும்புகிறேன். பளபளப்பாக ஏதோ ஒன்றைக் கட்டிவைத்து அதற்குப் பழைய பெயரைச் சூட்டியிருந்தால், பெரியவரைப் போன்றவர்களுக்கு அது வேற்றூர் ஆகியிருக்கும்.

2022 ஆகஸ்டில் அந்தப் பழைய தாரின்மேலேயே மீண்டும் கார்கள் ஓடின. பெரிய தொடரின் நட்சத்திரங்களுக்கு முன்னால், வாரக்கடைசித் தடங்களில் ஓடும் ஓட்டுநர்களுக்கு முதலிடம் கொடுக்கப்பட்டது. நீங்கள் செய்தவற்றில் மிகச் சரியானது இதுவே என்பது என் எண்ணம். பகலில் வேலைக்குப் போய்விட்டு, இரவில் வீட்டுக் கொட்டகையில் எஞ்சினைப் பிரித்துக் கோர்த்து, மனைவியும் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்த குழுவோடு வந்து ஓட்டுபவர்கள் அவர்கள். ஆகஸ்ட் 31 இரவு, என் மகனையும் பெரியவரையும் அழைத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். அன்று ஏர்ன்ஹார்ட் ஜூனியர் மூன்றாவதாக வந்தார். வென்றவர் கார்சன் க்வாபில் என்னும் இளைஞர். கூட்டம் இருவருக்காகவும் எழுந்து நின்றது. கடைசியாக வந்த காருக்கும் எங்கள் வரிசையில் கைதட்டினார்கள். அந்தக் காரை ஓட்டியவரின் தாத்தாவோடு தாம் வேலை செய்ததாகப் பெரியவர் என் மகனிடம் சொன்னார்.

அன்று என் மகனுக்குக் காதுகளை மூடும் கருவி இல்லை என்பதைப் பார்த்துத் தன் பேரனுடையதைக் கழற்றிக் கொடுத்த அம்மா, உங்கள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். கொடி காட்டியவர், சுற்றுகளை எண்ணியவர்கள், மோதிய கார்களை இழுத்துப்போன வண்டிக்காரர்கள், ஒருமுறையும் தேவைப்படக் கூடாது என்ற வேண்டுதலோடு ஆம்புலன்ஸ் அருகில் காத்திருந்தவர்கள், வெளியே போகும் வழியில் டார்ச் விளக்கோடு நின்று பெரியவரைக் கைத்தாங்கலாகப் படி இறக்கிவிட்ட இளைஞர்கள், எல்லோருக்கும் நன்றி. 2023 மே மாதத்தில், நாஸ்காரின் முன்னணி ஓட்டுநர்கள் மோதும் ஆல்-ஸ்டார் பந்தயத்துக்காக நாடு முழுவதும் உங்கள் ஊரைப் பார்த்தது. கைல் லார்சன் வென்றார். அன்று நாங்கள் வீட்டில் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். பெரியவர் படியேறும் நிலையில் இல்லை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. ஜான்சனுக்குச் சாலை இருக்கிறது. பார்சன்ஸுக்குப் புகழரங்கில் இடம் இருக்கிறது. இருபதாம் இடத்திலும் இருபத்தைந்தாம் இடத்திலும் வந்து, திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அவர்களுடைய பெயர்களைப் பெரியவர் சொல்லச் சொல்ல, கார் எண்ணோடும் அவர்கள் பார்த்த வேலையோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறேன். பாதிப் பேருக்குப் புகைப்படம் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டு அலமாரியில் கார் ஒன்றின் அருகே நிற்கும் அப்பாவின், மாமாவின், தாத்தாவின் படம் இருந்தால், பின்பக்கத்தில் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். பெரியவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் வேளையில் வாசலில் உட்கார்ந்திருப்பார். படத்தைக் காட்டினால், யாருடைய கார், யார் டயர் மாற்றினார் என்று சொல்லிவிடுவார்; நான் எழுதிக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
வின்ஸ்டன்-சேலத்திலிருந்து, 421ஆம் சாலையில் போய்வரும் ஒரு தமிழ்ப் பெண்